நீருக்குக் கங்காணி யார்?

"நீரின் தரம் தொடர்ந்து கண்காணிக்கப்படும்." சுரங்கம் தோண்ட விழைவோர் அளிக்கும் அறிக்கைகளில் இத்தகைய வாக்கியம் ஒன்று தவறாது இடம்பெறும். பார்வைக்கு அதில் குறையேதும் இல்லை. எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. ஆயினும் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அதைக் கரும்பலகையில் எழுதி, "செய்பவர் யார்?" என்று வினவினால் வகுப்பு வாய்மூடி நிற்கும். செயப்பாட்டு வினை செய்பவரை மறைத்துவிட்டது. எப்போது அளக்கத் தொடங்குவர்? எதை அளப்பர்? அளப்பவர் யார்? அளந்ததை எவரிடம் காட்டுவர்? இந்நான்கு வினாக்களுக்கும் விடையளிக்காத ஒன்று இலக்கணப்படி வாக்கியமாக நிற்கலாம். வாக்குறுதியாக நிற்க இயலாது.

கண்காணிப்பு என்னும் சொல் மலேசியத் தமிழர்க்கு ஒரு வரலாற்றையும் நினைவூட்ட வேண்டும். கண்காணி என்பதன் மரூஉவே கங்காணி. தோட்டத்திற்கு ஆள் சேர்த்தவனும், சேர்த்த ஆளை எண்ணியவனும், எண்ணிய ஆள் வேலைக்கு இறங்கினானா என்று பார்த்தவனும் அவனே. வேலைக்கு இறங்கிய தலையெண்ணிக்கைப்படி அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியைக் கண்காணித்த அக்கண், தோட்ட நிருவாகத்தின் கூலியால் திறந்திருந்த கண். ஆள் குறைந்தால் அதற்குத் தெரியும். ஆளுக்குக் காய்ச்சல் என்றால் தெரியாது. யாருடைய காசில் கண் திறந்திருக்கிறதோ அவருக்கு வேண்டியதை மட்டுமே அது காணும் என்னும் பாடத்தைத் தோட்டத் தமிழர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, பட்டறிந்தனர்.

அப்பாடம் இன்று நீருக்கும் பொருந்துகிறது. தோண்டுமுன் அளவு தொடங்க வேண்டும். தோண்டுவோரின் கட்டுப்பாட்டில் இல்லாதவர் அளக்க வேண்டும். தீங்கைக் காட்டவல்லவற்றை அளக்க வேண்டும். அளந்த கணக்கு அந்நீரைப் பருகுவோர் முன் வைக்கப்பட வேண்டும். இவை இல்லாத கண்காணிப்பு கண்துடைப்பேயாகும்.

ஜொகூருக்கும் நிலக்கரிக்கும் என்ன உறவு?

ஜொகூரில் நிலக்கரிச் சுரங்கம் இல்லையே, இல்லாத சுரங்கத்திற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று சிலர் கேட்கக்கூடும். சுரங்கம் இல்லை, ஆனால் நிலக்கரி உண்டு. பொந்தியான் மாவட்டத்துக் கடலோரத்தில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டு முதல் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கிய 700 மெகாவாட் அலகுகள் மூன்று. 2016இல் சேர்ந்த 1,000 மெகாவாட் அலகு ஒன்று. ஆக 3,100 மெகாவாட். அங்கு எரிவது கடல் கடந்து கப்பலில் வந்திறங்கும் கரி. கரி வந்தது, அதைத் தோண்டிய ஊரின் கிணறு என்னவாயிற்று என்னும் செய்தி அக்கப்பலில் வரவில்லை. வீட்டில் விளக்கேற்றும் ஒருவர், அவ்விளக்கின் திரி எந்த ஊரார் நீரில் நனைந்து வந்தது என்று கேட்பது அறமே அன்றி ஆரவாரம் அன்று.

இன்னொரு தொடர்பும் உண்டு. பொந்தியான், பத்து பகாட் வட்டாரங்களின் தாழ்நிலத் தோட்டங்களில் வடிகால் நீரைப் பார்த்தோர் அறிவர். ஓரிடத்தில் அது பால் கலவாத தேநீர். மற்றோரிடத்தில் துருப்பிடித்த தகரத்தைக் கழுவிவிட்டாற்போன்ற செந்நீர். முன்னது சதுப்புக் கரிமண்ணின் நிறம். பின்னது கடலோரக் களிமண்ணில் உறங்கும் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தின் வேலை. நீருக்கடியில் கிடக்கும்வரை அக்கனிமம் சாதுவானது. வடிகால் வெட்டி நீரை இறக்கினால் காற்றுப் புகும். காற்றும் நீரும் கூடக் கந்தக அமிலம் பிறக்கும். இரும்பு கரைந்து துருவாய்ப் படியும். 1970களில் தொடங்கிய மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெருநிலப்பரப்பில் வடிகால் வெட்டப்பட்டபோது, மண் புளித்துப் பயிரை வருத்திய அனுபவம் அவ்வட்டாரத்திற்கு உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழும் வேதியியலும் இதுவே. நிலக்கரிப் படுகைகள் பலவற்றில் இதே பைரைட் உள்ளது. சுரங்கம் என்பது நிலத்தினடியில் வெட்டிய வடிகால் அன்றி வேறென்ன?

எப்போது அளப்பது?

நிலத்தடிச் சுரங்கம் நீரை மூன்று வகையில் தாக்கும். முதலாவது, இறைப்பு. கரிப்படுகையை அடைய வேண்டுமானால் அதைச் சூழ்ந்த நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டம் தாழும். இரண்டாவது, விரிசல். கரியை எடுத்த வெற்றிடத்தில் மேற்கூரைப் பாறை சரியும். சரிவு மேல்நோக்கிப் பரவி ஓடையின் படுகையைப் பிளக்கும். ஓடை பாதாளத்தில் ஒழுகிவிடும். மூன்றாவது, மீள்வரவு. சுரங்கத்தை மூடி இறைப்பியை நிறுத்தியபின் நீர் மெல்ல மெல்ல மேலேறும். அமிலத்தையும் இரும்பையும் மாங்கனீசையும் சுமந்துகொண்டு, எவரும் எதிர்பாராத இடத்தில், சில வேளை பல்லாண்டுகள் கழித்து வெளிப்படும். அதற்குள் குழுமத்தின் பெயர்ப்பலகையே கழற்றப்பட்டிருக்கும்.

இம்மூன்றையும் அறிய முன்கணக்கு வேண்டும். நேற்று எவ்வளவு இருந்தது என்று தெரியாதவனிடம் இன்று திருட்டுப் போனதை எப்படி நிறுவ முடியும்? ஜொகூரின் இயல்பை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். சதுப்புக் கரிமண்ணில் ஓடும் நீர் இயல்பாகவே அமிலத்தன்மை உடையது. 2006 திசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியது. 2016 அக்டோபரில் ஜொகூர் ஆற்றுக்கு ஊட்டமளிக்கும் லிங்கியு நீர்த்தேக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவுக்குச் சுருங்கியது. இவ்வளவு ஏறியிறங்கும் நீரை ஏதோ ஒரு நாளில் ஒரு குப்பியில் முகந்து சோதித்துவிட்டு, "இதுவே இயல்பு நிலை" என்று முத்திரை குத்துவது அறிவியல் ஆகாது. மழைக்காலமும் வறட்சியும் குறைந்தது இரண்டு முறையேனும் வந்துபோகும் அளவுக்கு அளந்தால்தான் இயற்கையின் ஏற்றத்தாழ்வு எது, மனிதனின் கைவரிசை எது என்று பிரித்தறியலாம்.

பிரித்தறிய முடியாமையே தவறிழைத்தோரின் கேடயம். ஆத்திரேலியாவில் சிட்னி மாநகரின் தெற்கே, ஊரோனோரா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியின் அடியில் நிலக்கரி எடுக்கப்படுகிறது. அப்பகுதியில் பொதுமக்கள் காலடி வைப்பதற்குத் தடையுண்டு. அடியில் சுரங்கம் செல்வதற்கு உரிமம் உண்டு. அங்குள்ள வரட்டா சிற்றாற்றின் பாறைப்படுகை விரிசலுற்று, குட்டைகள் நீரிழந்தன. விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் எவ்வளவு நீர் போயிற்று, எங்கே போயிற்று, வறட்சியால் போனது எவ்வளவு, சுரங்கத்தால் போனது எவ்வளவு என்னும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2018இல் நியூ சவுத் வேல்சு மாநில அரசு தற்சார்புடைய வல்லுநர் குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியில் அதே வட்டாரத்து டெண்ட்ரோபியம் சுரங்கத்தின் விரிவாக்கத்தை அம்மாநிலத்தின் தற்சார்புத் திட்ட ஆணையம் மறுத்தது. நீருக்கு நேரும் இழப்பு மீட்க இயலாதது என்னும் கருத்து அம்மறுப்பில் முதன்மை பெற்றது. நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கும் துளைக்கிணறுகளும் ஓடைகளின் ஓட்டக் கணக்கும் இருந்தமையால்தான் அங்கு வாதிடவேனும் முடிந்தது.

இக்கணக்கு இல்லாத இடத்தின் நிலை என்ன? தொலைவில் தேட வேண்டியதில்லை. சிலாங்கூரில் பத்து ஆராங் இருக்கிறது. 1908இல் நிலக்கரி கண்டறியப்பட்டு, 1915இல் மலாயன் கோலியரீசு குழுமத்தால் வெட்டத் தொடங்கப்பட்ட ஊர் அது. தொடர்வண்டிக்கும் மின்நிலையத்திற்கும் ஈயத் தூர்வாரிக்கும் அங்கிருந்தே கரி சென்றது. சீனரும், தமிழர் உள்ளிட்ட இந்தியரும், மலாய்க்காரரும் அங்கு உழைத்தனர். 1937இல் அங்கு எழுந்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. திறந்தவெளிப் பள்ளங்கள் ஏரிகளாயின. ஊருக்கடியில் சுரங்கவழிகள் எஞ்சின. 1915க்கு முன் அவ்வூர் ஓடைகளின் நீர் எத்தகையது என்று இன்று யாரேனும் வினவினால், எந்த ஏட்டைப் புரட்டுவது? நாட்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல்தான் வந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய ஆணை 1988 ஏப்ரலில்தான் நடப்புக்கு வந்தது. அதற்குள் சுரங்கம் மூடி 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. கண் கெட்டபின் சூரிய வணக்கம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டோ?

எதை அளப்பது?

மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஆறுகளைத் தரம் பிரிக்க நீர்த்தரக் குறியீட்டு எண்ணைப் பயன்படுத்துகிறது. கரைந்த பிராணவாயு, உயிரியல் பிராணவாயுத் தேவை, வேதியியல் பிராணவாயுத் தேவை, அமோனியா நைட்ரசன், மிதக்கும் திண்மங்கள், அமிலகார நிலை ஆகிய ஆறு அளவுகளைக் கூட்டி அமைத்த எண் அது. 81க்கு மேல் என்றால் தூயது. 60க்குக் கீழ் என்றால் மாசுற்றது. வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் கலந்த ஆற்றை எடைபோட இக்குறியீடு நன்கு உதவும். அதன் பயனை மறுப்பார் இலர்.

ஆனால் சுரங்க நீரின் அடையாளங்கள் வேறு. சல்பேட்டு, இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், நீரின் மின்கடத்து திறன், சில கரிப்படுகைகளில் ஆர்சனிக், பாதரசம் ஆகியவையே அவை. மேற்சொன்ன ஆறனுள் அமிலகார நிலையும் மிதக்கும் திண்மமும் தவிர, சுரங்கத்தின் கைரேகையை நேரே காட்டுவது ஏதும் இல்லை. உலோகங்கள் தனியே சோதிக்கப்படலாம்; எனினும் "இவ்வாறு தூயது" என்று மக்கள் முன் வைக்கப்படும் ஒற்றை எண்ணுக்குள் அவற்றுக்கு இடமில்லை. காய்ச்சலை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு கண்பார்வை நன்றாக உள்ளது என்று சான்றிதழ் வழங்குவது போன்றது இது. கருவியில் பிழையில்லை, வழங்கியவரின் துணிச்சலே பிழை.

தெளிந்த நீர் தூய நீர் என்று எண்ணுவதும் பெரும் மயக்கமே. இந்தியாவின் மேகாலய மாநிலத்தில் செயிந்தியா மலைகளில் எலிவளை போன்ற குறுஞ்சுரங்கங்களில் நிலக்கரி தோண்டப்பட்டது. அமிலநீர் கலந்த ஓடைகளில் மீன் மறைந்தது. லுக்கா ஆறு குளிர்காலத்தில் கண்ணைக் கவரும் நீலநிறம் பூண்டது. காண்போர் வியந்தனர், கரையோரத்தார் வருந்தினர். கொப்பிலி நீர்மின் திட்டத்தின் இரும்புக் கருவிகளையே அந்நீர் அரித்தது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அத்தகைய சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. தடையை மீறித் தோண்டிய கிசான் என்னும் இடத்தில் 2018 திசம்பர் 13ஆம் நாள் அருகாற்று நீர் உட்புகுந்து 15 பேர் சிக்கினர். நீரைக் கருதாத சுரங்கத்தை நீரும் கருதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

யார் அளப்பது?

இங்குதான் கங்காணி மீண்டும் வருகிறான். திட்டத்தை முன்மொழிபவர் ஆய்வாளரை அமர்த்துகிறார். அவருக்குக் கூலி தருகிறார். மாதிரி நீர் எடுக்கும் இடத்தை முன்மொழிகிறார். அறிக்கையைத் துறைக்கு அனுப்புகிறார். ஆய்வாளர்களுள் நேர்மையாளர் பலர் உளர். எனினும் ஓர் ஏற்பாட்டின் நன்மையை அதில் பணியாற்றும் ஒருவரின் நேர்மையை நம்பி விட்டுவிடுவது அறிவுடைமை அன்று. தேர்வெழுதும் மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவதை எந்த ஆசிரியரேனும் ஏற்பாரா? மாணவன் நல்லவன் என்பது அதற்கு விடையாகுமா?

மேலும் ஒரு சிக்கல். மலேசியாவில் நிலமும் நீரும் கனிமமும் பெரும்பாலும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. சுற்றுச்சூழல் துறை கூட்டரசைச் சார்ந்தது. உரிமம் ஒரு கையிலும் உற்றுநோக்கல் மறு கையிலும் இருக்கும்போது, இரு கைகளும் சேர்ந்தால்தான் ஓசை எழும். 2025இல் கோத்தா திங்கி வட்டாரத்தில் மணல் எடுப்பிடம் ஒன்றன் குளக்கரை உடைந்து சேற்றுநீர் ஜொகூர் ஆற்றில் பாய்ந்தது. ஆறு கலங்கியபின் பணிநிறுத்த ஆணைகள் பிறந்தன. மணலோ கரியோ, தோண்டப்படும் பொருள் மாறினாலும் வினாவின் பொருள் மாறவில்லை: கரை உடையுமுன் அதைப் பார்த்துவந்த கண் யாருடையது?

ஜொகூர் ஆறே இதற்கு நல்ல பாடம். 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சிங்கப்பூர் அவ்வாற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை எடுத்துக்கொள்ளலாம். கோத்தா திங்கியில் அதன் நீர்நிலையம் உள்ளது. 2019இல் ஆற்றில் அமோனியா மிகுந்தபோது அந்நிலையம் நிறுத்தப்பட்டது. அதே ஆற்றை நம்பிய ஜொகூரின் நிலையங்களும் நின்றன. நிலையத்தின் வாயிலில் கருவி இருந்தது. ஆகவே நஞ்சு தெரிந்தது. மேலே, ஆறு பிறந்து வளரும் வழியெங்கும், அத்தகைய விழிப்பு இருந்திருந்தால் நிலையத்தை நிறுத்தும் நிலை வருமுன்னரே கழிவை நிறுத்தியிருக்கலாம் அன்றோ? குழாயின் முனையில் காவல் நிற்பது பருகுவோரைக் காக்கும், ஆற்றைக் காவாது. ஆற்றங்கரையில் வாழும் சிற்றூராருக்குக் கருவி அவர்தம் மூக்குத்தான்.

தற்சார்பான கண் எதைக் காணும் என்பதற்குத் தமிழகமே சான்று தருகிறது. 1934இல் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்ட சம்புலிங்க முதலியார், பொங்கிய ஊற்றுநீரில் கருந்துகள்களைக் கண்டார். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட கதை அது. அங்கே கரியைக் காட்டிக்கொடுத்ததே நீர்தான். அது திறந்தவெளிச் சுரங்கம். ஆயினும் கரிப்படுகையின் அடியில் அழுத்தத்துடன் தேங்கியுள்ள ஊற்றுநீரை ஓயாது இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளவாது நிற்கும். கிணறுகள் வற்றுகின்றன என்பது சுற்றுவட்டார உழவரின் நெடுநாள் முறையீடு. 2023இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்தியயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வறிக்கை, அவ்வட்டாரத்து நீரில் பாதரசம் வரம்பு மீறியிருப்பதாகக் கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்குப் பின், சுரங்கத்தாரின் கூலி பெறாத ஒரு கண் பார்த்தபோதுதான் தீர்ப்பாயத்தின் கதவு திறந்தது.

யாரிடம் காட்டுவது?

புள்ளிவிவரத்தை வெளியிட்டால் மக்கள் கலங்குவர். ஆகவே அமைதி கருதி மறைப்பதே நன்று என்பாரும் உளர். இவ்வாதத்தின் வயது இந்நாட்டில் நன்கு தெரிந்ததே. 1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்திற்குப் பின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்கள் அரசு இரகசியமாக்கப்பட்டன. மக்கள் புகையைச் சுவாசித்தனர். எண்ணை மட்டும் அறியவில்லை. 2005 ஆகஸ்டில் மீண்டும் பெரும்புகை சூழ்ந்தபோது அவ்விரகசியம் விலக்கப்பட்டது. எண் வெளிவந்ததால் நாடு கவிழ்ந்துவிடவில்லை. முகமூடி அணிவதா, பள்ளியை மூடுவதா என்று முடிவெடுக்க மக்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. காற்றுக்குக் கிடைத்த நீதி நீருக்கு மட்டும் ஏன் கூடாது?

உண்மையில் மக்களைக் கலங்கச் செய்வது எண் அன்று, எண் இன்மையே. 2019 மார்ச் 7ஆம் நாள் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டத்திற்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட வேதியியற் கழிவு வெளிப்பட்டபோது, மாணவர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குச் சென்றனர். சில நாள்களில் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. எந்த வாயு, எத்தனை அளவு, எவ்வளவு தொலைவு என்னும் விடை தெரியாத பெற்றோர் பட்ட கலக்கத்தைவிடப் பெரிய கலக்கத்தை எந்தப் புள்ளிவிவரம் விளைத்துவிடும்? அங்கு சுரங்கம் இல்லை. ஆயினும் முன்கூட்டிப் பார்க்காத ஆறு என்ன செய்யும் என்பதை வகுப்பறைக்குள்ளேயே வந்து அது காட்டிச் சென்றது.

சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்பது இன்னொரு வாதம். வழக்கமான நிலையம் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லும். அளவு கடந்த அமோனியாவின் முன் அது கதவை மூடிக்கொள்ளும். 2019இல் குப்பைமேட்டுக் கசிவால் பெனுட் ஆறு கெட்டபோது சிம்பாங் ரெங்கம் மக்கள் வாளியோடு தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றது அதனால்தான். தோண்டுவோர் கெடுத்ததைத் துப்புரவு செய்யும் செலவைக் குடிப்போர் தலையில் கட்டுவதற்குப் பெயர் தீர்வு அன்று, சுமைமாற்றம்.

தண்டனைச் சட்டம் உண்டே என்பது மூன்றாவது வாதம். உண்டு, 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டத்தொகை 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தண்டனைக்குச் சான்று வேண்டும். சான்றுக்கு முன்கணக்கு வேண்டும். முன்கணக்கில்லாத சட்டம் உறைக்குள் துருப்பிடித்த வாள். அதன் கைப்பிடியை எவ்வளவு பொன்னால் இழைத்தாலும் உறையை விட்டு அது வெளிவராது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை?

இஃது அறிவியலார் வேலை. தமிழ் வகுப்பில் இதற்கென்ன இடம் என்று ஒதுங்குவோர்க்குத் தமிழின் ஏடுகளே மறுமொழி கூறும். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வைத்தது வான்சிறப்பு. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சென்ற குடபுலவியனார் பரிசிலைப் பாடாமல், நீர்நிலை பெருக்குமாறு அறிவுறுத்தினார் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. புலவர் ஒருவர் அரசனிடம் நீர்க்கொள்கை பேசியதுதான் தமிழ் மரபு.

முதற் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. வாரியத்தார் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டனர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. நீரைக் காப்பவர் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவர் விலக்கப்பட வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய இந்நெறியை இன்று தாளில் எழுதித் தருமாறு கேட்பது மிகையான கோரிக்கையா?

ஆனால் தமிழ் வகுப்பறையில் நடப்பது யாது? ஆண்டுதோறும் "நீரின் சிறப்பு" என்னும் தலைப்பில் மாணவர் கட்டுரை வரைகின்றனர். நீர் உயிர் என்கின்றனர், அமுதம் என்கின்றனர், உவமை மிளிர, பழமொழி ஒளிர எழுதிப் பரிசும் பெறுகின்றனர். பள்ளியின் பின்புறம் ஓடும் வாய்க்காலின் நிறம் சென்ற ஆண்டு எப்படி இருந்தது என்று கேட்டால் விடையில்லை. நீரைப் புகழக் கற்பித்த கல்வி நீரைப் பார்க்கக் கற்பிக்கவில்லை. புகழ்ச்சி எளிது, அதற்குச் சான்று வேண்டியதில்லை. பார்வை அரிது, அதற்குக் குறிப்பேடு வேண்டும்.

அக்குறிப்பேட்டை இன்றே தொடங்கலாம். பெரியோர் துணையுடன், பாதுகாப்பான ஓரிடத்தில், மாதத்தின் ஒரு குறித்த நாளில், ஒரே நேரத்தில் ஒரே ஓடையைப் பார்க்க வேண்டும். அமிலநிலை காட்டும் தாள், மின்கடத்து திறனை அளக்கும் சிறு கருவி, கலங்கலைப் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஆகியவை போதும். நாள், மழை, நிறம், மணம், மீன் உண்டா இல்லையா என்னும் குறிப்பும் சேர வேண்டும். இது நீதிமன்றத்தில் முடிவான சான்றாகாது. ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடுமாகாது. ஆயினும் மாற்றம் தொடங்கிய மாதம் எது என்று சுட்டும். அதிகாரியை வரச்சொல்லும் கடிதத்திற்கு முதுகெலும்பாகும். அக்கடிதத்தைப் பிழையற எழுதத் தமிழாசிரியரும் மலாய் ஆசிரியரும் கற்றுத் தரட்டும். எண்ணைப் புரிந்துகொள்ள அறிவியல் ஆசிரியர் துணை நிற்கட்டும்.

அரசிடமும் குழுமங்களிடமும் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. தோண்டுவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அளவு தொடங்குக. அளப்பதற்கான செலவைத் தோண்டுவோர் பொது நிதியில் செலுத்துக. அளப்பவரை அவர் அமர்த்தாது ஒழிக. ஆறு அளவுகளோடு நில்லாது, தோண்டப்படும் பொருளுக்குரிய நஞ்சுகளையும் அளக்க. எண்களை மாதந்தோறும் மக்கள் மொழிகளில் ஊர் மன்றத்திலும் பள்ளியிலும் ஒட்டுக. குறித்த வரம்பு மீறியவுடன் தோண்டுதல் தானே நிற்கும் என்று உரிமத்திலேயே எழுதுக; நிறுத்தும் ஆற்றலற்ற அளவு வெறும் எண்விளையாட்டே. சுரங்கம் மூடியபின் வரும் நீருக்கும் பொறுப்பேற்கும் வைப்புத்தொகையை முன்கூட்டியே பெறுக.

இவை எழுதப்படும்வரை, "நீரின் தரம் தொடர்ந்து கண்காணிக்கப்படும்" என்னும் வாக்கியம் எங்கு தென்பட்டாலும் தமிழ் மாணவர் சிவப்பு மையால் அதைச் சுழித்து, ஓரத்தில் எழுதட்டும்: செய்பவர் யார்? அவர் யாரிடம் கூலி வாங்குகிறார்? தோட்டத்துப் பாட்டன்மார் கங்காணியிடம் கேட்க அஞ்சிய வினா அது. பெயரர் கேட்கலாம், கேட்பதற்காகத்தான் அவர்கள் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர்.